பிரேசிலில் அரபிகள்: வாசகர் கேள்வி – பதில்

பிரேசிலின் முன்னாள் அதிபர் மிஷெல் தெமெரின் பெற்றோர் லெபனானிலிருந்து கப்பலேறியவர்கள் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தோம். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். சமையல் கேட்டவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு அளவோடு பதில் உண்டு.

லெபனான் எங்கே, பிரேசில் எங்கே? எதற்காக அவ்வளவு தூரம் போனார்கள்?
– வாசகர், தஞ்சாவூர்

பட்டிலிருந்து தொடங்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் லெபனான் மலைக் கிராமங்களின் பிழைப்பு பட்டுப்புழுவை நம்பியிருந்தது. மலைச்சரிவெல்லாம் மல்பெரி. நூற்ற பட்டு பிரான்சின் லியோன் ஆலைகளுக்குப் போகும். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் சீனப் பட்டும் ஜப்பான் பட்டும் மலிவாக ஐரோப்பாவில் வந்திறங்கின. லெபனான் பட்டின் விலை சரிந்தது. மலையில் நிலமோ ஏற்கெனவே துண்டு துண்டு. நாலு பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஒருவனுக்கும் சோறு போடாது. 1909-ல் கிறிஸ்தவ இளைஞர்களும் ஒட்டோமான் ராணுவத்தில் கட்டாயமாகச் சேர வேண்டும் என்றானதும் இன்னும் பலர் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். முதல் உலகப் போரில் வெட்டுக்கிளி, கடல் முற்றுகை, படைக்காகத் தானியப் பறிமுதல் மூன்றும் சேர்ந்து பஞ்சம் வந்தது. லெபனான் மலையில் மூன்றில் ஒருவர் வரை மாண்டிருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். போர் முடிந்து கடல்வழி திறந்தபோது மிஞ்சியவர்களில் நிறையப் பேர் கப்பலில் இருந்தார்கள்.

ஏன் பிரேசில்? பலர் பிரேசிலைத் தேடிப் போகவே இல்லை. பெய்ரூட்டிலிருந்து மார்செய் அல்லது ஜெனோவா போய், அங்கே தரகரிடம் ‘அமெரிக்கா’வுக்குச் சீட்டு வாங்கினார்கள். எந்த அமெரிக்கா என்பது தரகரின் கையில். நியூயார்க்கில் இறங்க நினைத்தவர்களுக்குக் கண்ணில் பரிசோதனை. டிரக்கோமா என்ற தொற்று இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது லெபனானில் பரவலான நோய் என்பதால், கண் சிவந்திருந்தவர்களைத் தரகர்களே தெற்கே போகும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். 1924-ல் அமெரிக்கா ஒதுக்கீட்டுச் சட்டம் போட்டதும் வடக்கு வாசல் ஏறக்குறைய அடைபட்டது.

பிரேசிலின் பேரரசர் இரண்டாம் பெட்ரோ 1876-ல் லெபனான், சிரியா, பாலஸ்தீனம் எல்லாம் சுற்றியவர், அரபு படித்தவர். அவர் அழைத்துத்தான் வந்தோம் என்று பல குடும்பங்களில் கதை சொல்வார்கள். ராஜா வந்து போனதற்காக யாரும் மூட்டை கட்டுவதில்லை. முன்னால் போன மாமன் அனுப்பிய பணத்தில் ஊரில் எழும்பிய சிவப்பு ஓட்டு வீடுதான் அழைப்பு.

அவர்கள் செய்த தெருத்தெரு வியாபாரம் எப்படி நடந்தது? கையில் காசில்லாமல் வந்தவர்கள் சரக்குக்கு எங்கே போனார்கள்?
– வாசகர், விருதுநகர் (இதே கேள்வி ஈரோடு, காரைக்குடியிலிருந்தும்)

ஜவுளி ஊர்க்காரர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். ஒரு விஷயத்தை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். 1888-ல் பிரேசிலில் அடிமை முறை ஒழிந்ததும் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. இத்தாலியர்களுக்கு அரசே கப்பல் கட்டணம் கொடுத்து ஒப்பந்தத்தில் கூட்டி வந்தது. பின்னாளில் ஜப்பானியர்களுக்கும் அப்படித்தான். அரபிகள் சொந்தக் காசில், இல்லையேல் கடனில் வந்தார்கள். தோட்டத்து ஒப்பந்தம் எதுவும் அவர்களைக் கட்டவில்லை. நிலம் வாங்கக் காசு இல்லை. கூலி வேலைக்குப் போனால் கடன் அடையாது. மிச்சமிருந்தது முதுகில் சுமந்து விற்பதுதான். இந்தச் சுமை வியாபாரிக்குப் பிரேசிலில் மஸ்காச்சி என்று பெயர்.

சரக்கு கடனாக வந்தது. சாண்டோஸ் துறைமுகத்தில் இறங்கியவன் ரயிலேறி சாவ் பாவுலோ போய், தன் ஊர்க்காரரின் மொத்தக் கடையைத் தேடுவான். உறவோ, ஒரே ஊரோ, ஒரே தேவாலயமோ இருந்தால் போதும், கைக்காசு இல்லாமல் ஒரு பெட்டி நிரம்பும். விற்றுவந்து கணக்கு முடித்தால் அடுத்த பெட்டி. எழுத்துப் பத்திரம் கிடையாது. ஏமாற்றினால் லெபனானில் இருக்கும் அப்பன் காதுக்குச் செய்தி போய்விடும் என்பதே பிணை.

பெட்டி மரத்தால் ஆனது, உள்ளே இழுப்பறைகள், தோளில் மாட்டத் தோல் பட்டை. மேல் அறையில் ஊசி, நூல், பொத்தான், சீப்பு, சின்னக் கண்ணாடி, லேஸ், ரிப்பன். இன்னொன்றில் ஜெபமாலை, புனிதர் படம். ‘புனித பூமியிலிருந்து வந்தவன்’ கையால் விற்கும் ஜெபமாலைக்குக் கத்தோலிக்கக் கிராமங்களில் தனி மரியாதை. அடியில் துணி. கையில் மத்ராக்கா என்ற மரக் கட்டை. அதைத் தட்டிச் சத்தம் எழுப்பியபடியே ஊருக்குள் நுழைவான். மொழி தெரியாது. சரக்கின் பெயர், விலை, ‘நல்லது, மலிவு’ என்ற நாலைந்து சொல்லோடு தொழில் தொடங்கும்.

வாங்கியவர்கள் யார் என்பதில்தான் வெற்றியின் சூட்சுமம். ஃபஸேண்டா எனப்படும் காப்பித் தோட்டத்தில் கூலிகள் முதலாளியின் கடையில்தான் வாங்க வேண்டும். விலை அதிகம், கடன் கழுத்தை நெரிக்கும். மஸ்காச்சி அந்தக் கடைக்கு வெளியே ஒரு வழி காட்டினான். அவனும் கடன்தான் கொடுத்தான், நம்மூர்த் தவணைக்காரரைப் போல ஒரு நோட்டு வைத்து. ஆனால் அறுவடைக் கூலி கைக்கு வரும் மாதம் பார்த்து வசூலுக்கு வந்தான். பெண்கள் கேட்ட நிறத்து நூலை அடுத்த சுற்றில் மறக்காமல் கொண்டுவந்தான். தோட்ட முதலாளிகள் இவர்களைத் துரத்தியது சும்மா அல்ல.

அமேசானில் இதே தொழில் படகில் நடந்தது. ரப்பர் காலத்தில் பெலெங், மனாவுஸ் நகரங்களை மையமாக வைத்து, உப்பும் துணியும் கத்தியும் ஆற்றோரம் கொண்டுபோய், பணத்துக்குப் பதில் ரப்பர் உருண்டை வாங்கி வந்தார்கள். 1912-க்குப் பிறகு ஆசிய ரப்பர் சந்தையைப் பிடித்தபோது, விற்ற சரக்குக்கு ஈடாக வாங்கிய ரப்பர் விலை போகாமல் பல கணக்குகள் மூழ்கின.

சுமையிலிருந்து கழுதை, கழுதையிலிருந்து ரயில் நிலையத்தோரம் ஒரு சின்னக் கடை, அங்கிருந்து சாவ் பாவுலோவின் மார்ச் 25 தெருவில் மொத்தக் கடை, பிறகு ஆலை. இதுதான் ஏணி. ஜாஃபெட் குடும்பம் அதன் உச்சிப்படி. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாவ் பாவுலோவின் இபிராங்கா பகுதியில் அவர்களுடைய நூற்பு, நெசவு, அச்சு ஆலை எழுந்தது. ஆனால் ஏறியவர்கள் பெயரில்தான் தெருவும் மருத்துவமனையும் இருக்கின்றன. வசூலாகாத கடனோடும் மலேரியாவோடும் உள்நாட்டில் தங்கிப்போனவர்களை யாரும் கணக்கெடுக்கவில்லை. ‘மூட்டையிலிருந்து கோடி’ கதைகளைப் படிக்கும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேசிலில் 1 கோடி அரபிகள் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். நம்பலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

யாரை அரபி என்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1884 முதல் 1939 வரை மத்தியக் கிழக்கிலிருந்து வந்ததாகப் பதிவானவர்கள் சுமார் 1,07,000 பேர்தான். அதே காலத்தில் இத்தாலியர் சுமார் 14 லட்சம், ஜப்பானியர் சுமார் 1,85,000. அரபு பிரேசில் வர்த்தக சபை 2020-ல் வெளியிட்ட கணிப்பு 1 கோடியே 16 லட்சம் என்றது. கொள்ளுத் தாத்தாக்களில் ஒருவர் லெபனானியர் என்றாலும் ‘நான் அரபு வம்சாவளி’ என்று சொன்னவர்கள் அதில் அடங்குவார்கள். அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்போ நிறத்தைக் கேட்குமே தவிர வம்சாவளியைக் கேட்காது. ஆகவே சரிபார்க்க வழியில்லை.

பழைய பதிவேடுகளில் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: 1892 வரை எல்லோரையும் ‘துருக்கியர்’ என்றே எழுதினார்கள், கையிலிருந்தது ஒட்டோமான் கடவுச்சீட்டு என்பதால். பிறகு ‘சிரியர்’. ‘லெபனானியர்’ என்ற பகுப்பு 1926-ல்தான் வந்தது. ஒரே கிராமத்து அண்ணன் துருக்கியராகவும் தம்பி சிரியராகவும் மருமகன் லெபனானியராகவும் இருப்பார்கள். பெயரும் அப்படியே, பூட்ரோஸ் பெட்ரோ ஆனார், யூசுஃப் ஜோஸே ஆனார், கூரி என்ற குடும்பப் பெயர் ‘குரி’ என்றே பதிவானது. ‘துர்க்கோ’ என்று கூப்பிட்டால் பழைய தலைமுறைக்குச் சுருக்கென்று தைக்கும். எந்த அரசிடமிருந்து தப்பி வந்தார்களோ அதன் பெயரையே சூட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

இவர்கள் எல்லோரும் முஸ்லிம்களா?
– வாசகர், கீழக்கரை

இல்லை. 1940-களுக்கு முன் வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள்: மாரோனைட், அந்தியோக்கிய ஆர்த்தடாக்ஸ், மெல்கைட். சாவ் பாவுலோவின் ஆர்த்தடாக்ஸ் பேராலயம் இஸ்தான்புல்லின் ஹாகியா சோஃபியாவைப் பார்த்து வடிவமைத்தது, 1954-ல் திறந்தார்கள். முஸ்லிம்கள் சிறு தொகை. 1929-ல் அவர்கள் ஒரு நலச் சங்கம் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் கழித்து கம்புசி பகுதியில் அந்தச் சங்கத்தின் மசூதி எழுந்தது. 1975-ல் லெபனான் உள்நாட்டுப் போர் மூண்டபின் வந்தவர்களில் முஸ்லிம்கள் அதிகம். பரகுவே எல்லையில் உள்ள ஃபோஸ் டு இகுவாசு நகரில் அவர்களைப் பார்க்கலாம். 2010 கணக்கெடுப்பில் நாடு முழுக்க இருந்த முஸ்லிம்கள் 35,167 பேர்.

பிரேசிலில் தெருவுக்குத் தெரு விற்கும் ‘எஸ்ஃபீஹா’வை வீட்டில் செய்ய முடியுமா? யூடியூப் பார்த்துச் செய்தேன். நடுவில் சதசதவென்று ஆகிவிட்டது.
– வாசகி, சென்னை

தாராளமாகச் செய்யலாம். சதசதப்புக்குக் காரணம் மாவு அல்ல, வெங்காயமும் தக்காளியும். கறியைப் பச்சையாகவே மாவின் மேல் வைத்துச் சுடுகிற பண்டம் இது. காய்களின் தண்ணீரை முன்பே எடுக்காவிட்டால் அது மாவில்தான் இறங்கும்.

25 எண்ணத்துக்கு மாவு: மைதா 500 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 1 மேஜைக்கரண்டி, உப்பு 10 கிராம், எண்ணெய் 50 மில்லி, பாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து வெதுவெதுப்பாக 280 மில்லி. திரவத்தை முழுவதும் ஒரேயடியாக ஊற்றாமல் 30 மில்லி கையிருப்பில் வையுங்கள். நம் மைதா கடைக்குக் கடை மாறும். 10 நிமிடம் பிசைந்து மூடி வைத்தால் சென்னை வெயிலில் 45 நிமிடத்தில் இரட்டிப்பாகும். 34 கிராம் உருண்டைகளாகப் பிடித்து இன்னும் 15 நிமிடம் ஓய்வு. இந்த ஓய்வைத் தவிர்த்தால் தட்டத் தட்ட மாவு சுருங்கிக்கொள்ளும்.

மேலே வைக்க: கொழுப்போடு கொத்திய ஆட்டுக்கறி 500 கிராம் (பிரேசிலில் மாட்டிறைச்சி), பெரிய வெங்காயம் 1, விதை நீக்கிய தக்காளி 2, எலுமிச்சைச் சாறு 2 மேஜைக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. வெங்காயத்தையும் தக்காளியையும் மிகப் பொடியாக நறுக்கி, அந்த உப்பைப் போட்டு வடிதட்டில் 20 நிமிடம் வையுங்கள். பிறகு துணியில் கட்டிப் பிழியுங்கள். அரை டம்ளர் தண்ணீர் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அதற்குப் பிறகுதான் கறியோடு சேர்க்க வேண்டும். தண்ணீரோடு கொஞ்சம் உப்பும் வடிந்துவிடும், ருசி பார்க்க ஒரு துளிக் கலவையைத் தோசைக்கல்லில் சுட்டுப் பாருங்கள். எலுமிச்சை கடைசியில், முன்பே ஊற்றினால் புளிப்பில் கறி வெளுத்து விறைக்கும்.

மசாலாவுக்குப் பிரேசிலில் ‘சிரிய மிளகு’ என்று கலந்தே விற்கிறார்கள். வீட்டில் கலக்க: மிளகுத் தூள் 2 பங்கு, ஆல்ஸ்பைஸ் (சர்வசுகந்தி) 2 பங்கு, பட்டை 1 பங்கு, கிராம்பும் ஜாதிக்காயும் அரை அரைப் பங்கு. இந்தக் கறிக்கு 1 தேக்கரண்டி போதும். கரம் மசாலா போட்டுவிட்டு ‘சமோசா வாசம் வருகிறது’ என்று எழுதாதீர்கள். சீரகமும் சோம்பும் வந்தால் சமோசா வாசம்தான் வரும்.

உருண்டையை விரல் நுனியால் நடுவிலிருந்து அமுக்கி 9 சென்டிமீட்டர் வட்டமாக்குங்கள். ஓரம் ஒரு விரல் அகலம் தடித்திருக்கட்டும். பூரிக்கட்டை வேண்டாம், ஓரமும் தட்டையாகிக் கறி வழியும். நடுவை நன்றாக அமுக்காவிட்டால் சூட்டில் அது மேடாகி எழும்பிக் கறியைத் தள்ளிவிடும். கறியை மெல்லிய படலமாக, ஓரம் வரை அழுத்திப் பரப்புங்கள். ஓவனை 230 டிகிரியில் தட்டோடு சேர்த்து 20 நிமிடம் சூடேற்றி, அந்தச் சூடான தட்டில் வைத்தால் அடிப்பக்கம் உடனே வேகும். 12 முதல் 15 நிமிடம். சாப்பிடும்போது எலுமிச்சை பிழிவது பிரேசில் வழக்கம்.

லெபனானின் பால்பெக்கில் இதையே சதுரமாக, நாலு மூலை கிள்ளிச் செய்வார்கள். வட்டத் திறந்த வடிவமும், மேலே சீஸ், கோழி, சாக்லேட் என்று போவதும் பிரேசில் வேலை. இதை மலிவு விலையில் நாடெங்கும் கொண்டுபோன ஹபீப்ஸ் உணவகத் தொடரை 1988-ல் தொடங்கியவர் அரபி அல்ல, போர்ச்சுகலில் பிறந்த ஆல்பர்ட்டோ சராய்வா. ஒரு பண்டம் எப்போது ஊர்ப் பொதுச்சொத்து ஆகிறது என்றால் இப்படித்தான்.

கீபி செய்யக் கோதுமை ரவை போதுமா? என்னுடையது எண்ணெயில் வெடித்தது.
– வாசகர், மதுரை

போதாது. கோதுமையும் கறியும் சேர்த்து அரைத்து, உள்ளே கொத்துக்கறி வைத்துப் பொரிக்கிற பண்டம் கீபி. அதற்கு வேண்டியது பர்குல்: கோதுமையை வேகவைத்து, உலர்த்தி, பிறகு உடைத்தது. அதனால்தான் ஊறவைத்தாலே மென்மையாகிறது. நம் சம்பா ரவை பச்சைக் கோதுமையை உடைத்தது. ஊறினாலும் உள்ளே பச்சை மாவு இருக்கும், ஒட்டாது. பர்குல் கிடைக்காவிட்டால் பொடி சம்பா ரவையை 20 நிமிடம் ஊறவைத்து வடித்து, இட்லிப் பானையில் துணி போட்டு 15 நிமிடம் ஆவியில் வேகவிட்டு, தட்டில் பரப்பி முழுதும் ஆறவிடுங்கள். முழுக்க அதே ருசி வராது, உடையாமல் வரும்.

பர்குல் 250 கிராமுக்குக் கொழுப்பில்லாத கறி 500 கிராம். ஊறிய பர்குலைக் கை வலிக்கப் பிழியுங்கள். கறி, ஒரு வெங்காயம், ஒரு பிடி புதினாவோடு சேர்த்து இரண்டு முறை அரைத்து அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். ஐஸ் தண்ணீரில் கை நனைத்து, குழித்து, வதக்கிய கொத்துக்கறி வைத்து மூடி, இரு முனையும் கூராக்குங்கள். வெடிப்பது இரண்டு காரணத்தால்: உள்ளே காற்று, அல்லது வதக்கல் சூடாக இருக்கும்போதே வைத்தது. எண்ணெய் 175 டிகிரி. ஒரு தடவைக்கு நாலைந்துக்கு மேல் போட்டால் எண்ணெய் ஆறி, கீபி எண்ணெயைக் குடிக்கும்.

பிரேசில் அரசு இவர்களை வரவேற்றதா? மூன்றாம் தலைமுறைக்கு அரபு தெரியாதாமே?
– வாசகர், யாழ்ப்பாணம்

உழவர்களைக் கேட்டிருந்த நாட்டுக்கு வியாபாரிகள் வந்தார்கள். பத்திரிகைகளில் ‘ஒட்டுண்ணி’ என்றுகூடத் திட்டு விழுந்தது. ஆனாலும் மொழி போனதற்கு அது மட்டும் காரணமல்ல. வந்தவர்களில் ஆண்கள் அதிகம், பலர் பிரேசில் பெண்களை மணந்தார்கள். வீட்டு மொழி அம்மாவின் மொழி ஆயிற்று. மிச்சத்தைச் செய்தது அதிபர் கெட்டூலியோ வர்காஸின் அரசு. 1938-ல் பள்ளிகளில் போர்ச்சுகீசிய மொழியில்தான் கற்பிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1941-ல் அயல்மொழிப் பத்திரிகைகளுக்குத் தடை. அதற்கு முன் சாவ் பாவுலோ அரபு இலக்கியத்தின் ஒரு முக்கிய ஊர். 1933-ல் அங்கே உருவான ‘அந்தலூசியக் கழக’த்தின் கவிதைகளை கெய்ரோவிலும் பெய்ரூட்டிலும் படித்தார்கள், அதன் கவிஞர் எலியாஸ் ஃபர்ஹாத் சுமை வியாபாரம் செய்தவர். தடையில் அவர்களின் இதழும் நின்றது. போருக்குப் பின் திரும்ப வந்தபோது அதைப் படிக்கும் பிள்ளைகள் குறைந்திருந்தார்கள்.

அரசு கைவைத்த இன்னொரு இடம் மருத்துவமனை. 1921-ல் அத்மா ஜாஃபெட் தலைமையில் சமூகத்துப் பெண்கள் சங்கம் அமைத்து நிதி திரட்டினார்கள். கட்டடம் எழும்பிய பின், 1943-ல் ராணுவப் பயிற்சிப் பள்ளிக்கென்று அரசு எடுத்துக்கொண்டது. திரும்பக் கிடைத்தது 1959-ல். அதற்குள் அத்மா ஜாஃபெட் இறந்துவிட்டார். மகள் வியோலெட்டா 1965-ல் திறந்துவைத்தார். அதுதான் இன்று அதிபர்கள் சிகிச்சைக்குப் போகும் சிரிய லெபனானிய மருத்துவமனை.

அரசியலில் இவ்வளவு பேர் எப்படி?
– வாசகர், சேலம்

கடைக்காரர் தன் பிள்ளையைச் சட்டமோ மருத்துவமோ படிக்கவைத்தார்; உள்ளூரில் எல்லோருக்கும் கடன் கொடுத்த குடும்பத்துக்கு எல்லோரையும் பெயர் சொல்லித் தெரியும். தேர்தலுக்கு வேறென்ன வேண்டும்? பாவுலோ மலுஃப் சாவ் பாவுலோவின் ஆளுநர், இருமுறை மேயர். கருப்புப் பணத்தை வெளுத்த வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் தண்டித்ததும் இவரைத்தான். ஃபெர்னாண்டோ ஹத்தாத் அதே நகரின் மேயர், 2018-ல் அதிபர் வேட்பாளர், 2023-ல் நிதி அமைச்சரானார். தெமெர் 2016 முதல் 2018 வரை அதிபர். லெபனானில் அவர் பெற்றோரின் ஊரான பிதாபூராவில் ‘துணை அதிபர்’ என்று அவர் பெயரில் தெருப்பலகை வைத்திருந்தார்கள். 2016-ல் அதில் ‘துணை’யை எடுக்க வேண்டியதாயிற்று.

எங்களைக் கேட்டால் இவர்களைவிடப் பெரிய பெயர் அதிப் ஜத்தெனெ. இதயத்திலிருந்து கிளம்பும் இரு பெருந்தமனிகள் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைகளுக்கு, அவற்றை வெட்டி மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சையை 1975-ல் சாவ் பாவுலோவில் முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தவர். இதயத்துக்கே ரத்தம் தரும் மெல்லிய நாளங்களையும் சேர்த்து நகர்த்துவதில்தான் அதற்கு முன் முயன்றவர்கள் தோற்றார்கள். குழந்தை இதய அறுவையில் அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

துபாயில் நாங்கள் வாங்கும் உறைந்த கோழி பிரேசிலிலிருந்து வருகிறது. ‘சாடியா’ என்பது அரபுப் பெயர்தானே? அங்குள்ள அரபிகள்தான் அறுக்கிறார்களா?
– வாசகர், துபாய்

பெயர் அரபு அல்ல. 1944-ல் சாண்டா கத்தரீனா மாநிலத்தின் கொன்கோர்தியா ஊரில் இத்தாலிய வம்சாவளி அத்திலியோ ஃபொந்தானா தொடங்கிய நிறுவனம், ‘எஸ்.ஏ.’ என்ற கம்பெனி எழுத்துகளும் ஊர்ப் பெயரின் கடைசி ‘தியா’வும் சேர்ந்தது. பழைய கிறிஸ்தவ அரபுக் குடும்பங்களுக்கும் இந்தத் தொழிலுக்கும் பெரிய தொடர்பில்லை. ஹலால் சான்று தரும் அமைப்புகளைக் கட்டியவர்கள் பின்னால் வந்த முஸ்லிம்கள். அவற்றில் பெரியதான ஃபம்ப்ராஸ் 1979-ல் தொடங்கியது.

ஆலையில் கோழி தலைகீழாகச் சங்கிலியில் வரும். மயக்க மின்சாரம் கொடுத்தால் அது கோழியைக் கொல்லாத அளவில் இருக்க வேண்டும். செத்த கோழி ஹலால் ஆகாது, அதைக் கண்காணிப்பாளர் வரிசையிலிருந்து எடுத்துவிடுவார். கத்தி பிடிப்பவர் முஸ்லிமாக இருக்க வேண்டும். இறைவன் பெயர் சொல்லி, மூச்சுக்குழல், உணவுக்குழல், இருபக்க ரத்தக்குழாய்களை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். பிறகு குறைந்தது 3 நிமிடம் ரத்தம் வடிய வேண்டும். அதற்குமுன் வெந்நீர்த் தொட்டிக்குப் போனால் தப்பு. இந்த வேலையில் வங்கதேசத்தவர், மேற்கு ஆப்பிரிக்கர், போருக்குப் பின் வந்த சிரியர் நிறைய உண்டு.

சிரியாவில் தென் அமெரிக்க இலையைக் குடிக்கிறார்களாமே?
– வாசகி, பெங்களூரு

ஆமாம், யெர்பா மாத்தே. பிரேசிலைவிட அர்ஜென்டினா போய்த் திரும்பியவர்களின் பழக்கம் இது. சுவைதா, சலமியா, லெபனானின் ஷூஃப் மலை எல்லாம் மாத்தே ஊர்கள். அர்ஜென்டினா மாத்தேயை மிக அதிகமாக வாங்கும் நாடும் சிரியாதான். அர்ஜென்டினாவில் ஒரே சுரைக்குடுவை கைமாறும். சிரியாவில் சின்னக் கண்ணாடி டம்ளர், சர்க்கரை, உலோக உறிஞ்சுகுழல். குழலைப் பகிர்ந்தால் முனையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கொடுப்பார்கள். தண்ணீர் கொதிக்கக் கூடாது, 75 முதல் 80 டிகிரி. முதலில் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரில் இலையை நனையுங்கள். குழலை வைத்தபின் கிளறாதீர்கள். தூள் ஏறி அடைத்துக்கொள்ளும்.

வேலையாகச் சாவ் பாவுலோ போகிறேன். ஒரு நாள்தான் இருக்கும். இதையெல்லாம் எங்கே பார்ப்பது?
– வாசகர், ஓசூர்

சாவ் பெண்டோ மெட்ரோவில் இறங்கி, போர்த்தோ ஜெரால் சரிவு வழியாகக் கீழே மார்ச் 25 தெருவுக்குப் போங்கள். சரிவின் பெயரில் ‘போர்த்தோ’ (துறைமுகம்) இருப்பது ஒரு காலத்தில் கீழே ஆற்றுத்துறை இருந்ததால். தமாந்துவாத்தெயி ஆறு அங்கே ஓடியது. வெள்ளம் வரும் தாழ்ந்த இடம், வாடகை மலிவு, சந்தை பக்கத்தில். அதனால்தான் சிரியர்கள் அந்தத் தெருவைப் பிடித்தார்கள். தெருவுக்குப் பெயர் 1824 மார்ச் 25-ல் வந்த முதல் அரசியல் சட்டத்தால்; அதே நாளைத்தான் அரபுச் சமூக நாளாக 2008-ல் அறிவித்தார்கள். இன்று கவுண்டரில் சீனர்கள் அதிகம். பழைய அரபுத் துணிக்கடைகளும் பொத்தான், ரிப்பன் கடைகளும் பக்கத்துச் சந்துகளில் இருக்கின்றன. பொத்தானையும் ரிப்பனையும் மொத்தமாக வாங்கினால்தான் விலை இறங்கும்.

காலை 9 மணிக்குள் போய்விடுங்கள். ஞாயிறு பெரும்பாலும் மூடல், சனி பிற்பகலோடு சரி, டிசம்பரில் போகவே வேண்டாம். பணப்பையும் கைபேசியும் முன்பையில். மதியம் அதே நீல வழித்தடத்தில் ஏறி ஐந்தாவது நிறுத்தமான பராயிசோவில் இறங்கினால் ஆர்த்தடாக்ஸ் பேராலயம் நடக்கும் தூரம். சாப்பாட்டுக்கு ‘பெய்ரூச்சி’ கேளுங்கள்: அரபு ரொட்டிக்குள் மாட்டிறைச்சி வறுவல், உருகிய சீஸ், தக்காளி, ஒரேகானோ. பெயர் பெய்ரூட்டுடையது, பிறந்தது சாவ் பாவுலோவில். ஒன்று இரண்டு பேருக்குக் காணும். மாட்டிறைச்சி வேண்டாமென்றால் ‘ஃப்ராங்கோ’ என்று சொல்லுங்கள், கோழியில் செய்து தருவார்கள்.